எருக்கம்பூவின் விருந்தாளிகள்

“அக்கா, ஜன்னலெல்லாம் சாத்திக்குங்க. பொகை ஜாஸ்தியா வரும்.”

பின்பக்கச் சந்திலிருந்து குரல் வந்தது. கதவைத் திறந்தேன். ஏழுமலை நின்றிருந்தார். ஒரு கையில் மண்ணெண்ணெய் கேன். மறு கையில் காய்ந்த தென்னோலைக் கட்டு. மூக்கும் வாயும் தெரியாமல் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். நோய்க்குப் பயந்து ஊரே முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த ஊரடங்குக் காலம் அது. சாயங்கால வெயில் இன்னும் மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

சந்துக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் வேர்க்கடலைக் கொல்லை. இந்தப் பக்கம், எங்கள் மதிலை ஒட்டி, சென்னைக்காரர் யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன காலி மனை. மனை நிறைய எருக்கஞ்செடி. அதைத்தான் கொளுத்த வந்திருந்தார்.

“எதுக்குப்பா கொளுத்தணும்?”

“இன்னாக்கா இப்டி கேக்கறீங்க? டிவி பாக்கறதில்லையா? வடக்க வெட்டுக்கிளி வந்து காடு காடா மொட்டையடிச்சிகினு வருதே, அது இங்கயும் வந்துடுச்சு. இதோ பாருங்க, எருக்கு மேல ஒக்காந்துகினு கீது. இன்னிக்கு இங்க. நாளைக்கு என் மல்லாட்ட மேல.”

மல்லாட்டை என்றால் எங்கள் ஜில்லாவில் வேர்க்கடலை. சித்திரைப் பட்டத்தில் விதைத்தது. பூ வைத்து, காய்க்கப்போகிற விழுது மண்ணில் இறங்குகிற பருவம். அந்த வருஷம் அவர் குடும்பத்துக்கு அதை விட்டால் வேறு வரும்படி கிடையாது. அவருடைய கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

நான் சந்தில் இறங்கி, அவருக்கும் எருக்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

எந்தத் துணிச்சலில் நின்றேனோ தெரியவில்லை. எருக்குக்காகச் சண்டைக்கு நின்ற பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். “உன் வீட்டில் எருக்கு முளைக்க” என்பது நம் ஊரில் சாபம். அப்படிப்பட்ட செடிக்கு நான் ஏன் வக்காலத்து வாங்கினேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாஸ்போர்ட் பார்த்த கண்ணாடி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீடு தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே வரும் ஒரு தெருவில், மாடியிலும் கீழுமாகச் சில அறைகளை வாடகைக்கு விடுகிறவள் நான். மலையைச் சுற்றவும், கண்ணை மூடி உட்காரவும் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறவர்கள் எங்கள் விருந்தாளிகள். என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் அவருடைய விசில் புராணத்தை எழுதிவிட்டேன் என்று இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்த வாரமும் அவர் வருகிறார். சாப்பாட்டை நானேதான் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுக்காரர் வந்தால் பாஸ்போர்ட், விசா எண்களைப் பார்த்துப் பதிய வேண்டும். அந்தப் பொடி எழுத்துக்காக ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருந்தேன். எத்தனையோ வருஷமாக அதன் வழியாக நான் பார்த்தது எண்களையும் முத்திரைகளையும்தான்.

ஊரடங்கு வந்தது. அறைகள் காலியாயின. கடைசியாக இருந்த ஒரு தம்பதியும் எப்படியோ வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். கொசுவலைகளைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தேன். அதற்குமேல் செய்ய வேலை இல்லை.

அந்த நாட்களின் அமைதியை எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் விளக்கிச் சொல்ல முடியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் கால்கள் நடக்கிற கிரிவலப் பாதை பக்கத்தில்தான். பால்கோவா விற்கிறவர், ருத்ராட்சம் விற்கிறவர், ஆட்டோ ஹாரன், மைக்கில் பாட்டு என்று இரைச்சலிலேயே பழகின காது எங்களுக்கு. திடீரென்று ஒன்றும் இல்லை. பௌர்ணமி வந்தது. நிலா வந்தது. ஆள் வரவில்லை. மலை தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. மாடியில் நின்று பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை அடுப்படியில் இருந்தபோது ஓர் உறுமல் கேட்டது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்தேன். விட்டு விட்டுக் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எருக்கம்பூவில் ஒரு கருவண்டு.

எத்தனை வருஷமாக அது அங்கே வந்துகொண்டிருந்ததோ! எங்கள் இரைச்சலில் அதன் சத்தம் எனக்குக் கேட்காமலே போயிருக்கிறது.

பூவுக்குள் ஒரு மண்டபம்

எருக்கை நான் புதிதாகப் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் பிறந்தவள் நான். மொட்டை நசுக்கி டப்பென்று வெடிக்க வைத்து விளையாடாத பிள்ளை உண்டா? பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டியிருக்கிறேன். ரதசப்தமிக்கு இலையைத் தலையில் வைத்துக் குளித்திருக்கிறேன். அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று அம்மா மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பூவை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர், “பாஸ்போர்ட் கேக்கப் போறியா?” என்றார்.

கண்ணாடிக்குக் கீழே பூ விரிந்தது. வெள்ளையில் ஊதா தோய்த்த ஐந்து இதழ்கள். நடுவில் ஐந்து தூண் வைத்த மண்டபம் ஒன்று. மேலே தளம் போட்டதுபோல ஒரு மூடி. தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சின்னப் பிளவு. சிற்பியைக் கூப்பிட்டுச் செதுக்கச் சொன்னாலும் இவ்வளவு நறுவிசாக வராது. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்ட ஊரில், குனிந்து பார்க்க இப்படி ஒன்று இருந்திருக்கிறது. பிரமித்துப்போய் நின்றேன். முதுகு வலித்தபோதுதான் நிமிர்ந்தேன்.

கருவண்டு வந்து அந்த மண்டபத்தைக் கட்டிப் பிடித்தது. பூ கனம் தாங்காமல் தலை சாய்ந்தது. அது தேனைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது கால் பிளவுக்குள் வழுக்கியது. வெடுக்கென்று இழுத்தது. காலோடு சேர்ந்து ஏதோ மஞ்சளாக வந்தது. ஏதாவது சீக்கோ என்று முதலில் பரிதாபப்பட்டேன். பிறகு நெட்டில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். மற்றப் பூக்களைப்போல எருக்கு மகரந்தத்தைத் தூளாக உதிர்ப்பதில்லை. இரண்டு சின்னப் பைகளில் கட்டி, தராசுத் தட்டுபோல ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறது. வருகிறவன் காலில் அது மாட்டிக்கொள்ளும். அவன் அடுத்த பூவில் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

கடுகைவிடச் சின்னப் பை. அதற்கு ஒரு கொக்கி. கொக்கிக்கு ஒரு வாசல். யார் யோசித்தது இதையெல்லாம்?

எல்லோராலும் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது என்பதையும் பார்த்தேன். ஒருநாள் ஒரு சின்னத் தேனீ, கால் பிளவில் மாட்டி, இழுக்கத் திராணி இல்லாமல் பூவிலேயே செத்துக் கிடந்தது. அன்று எனக்கு எருக்கின்மேல் கோபமாக வந்தது. அழகாக இருக்கிறது என்பதற்காக நல்லது என்று ஆகிவிடாது. ஆனாலும் மறுநாள் காலை போகாமல் இருக்க முடியவில்லை.

வந்தவர், தங்கியவர், பதுங்கியவர்

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலைக் காப்பியைக் குடித்ததும் கண்ணாடியோடு சந்துக்குப் போய்விடுவேன்.

இளந்தண்டு முழுக்க மஞ்சள் மணலைத் தூவியதுபோல அசுவினி. அதன் உடம்பிலிருந்து கசியும் இனிப்புக்காக எறும்பு. அசுவினியைத் தின்னப் பொறிவண்டு. பொறிவண்டு வந்தால் எறும்பு சும்மா இருக்காது, துரத்தும். பஸ் ஸ்டாண்டில் லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் போடும் சண்டை தோற்றது.

ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கரை போட்ட பட்டாம்பூச்சி ஒன்று வரும். வெந்தய வரியன் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டதும் வத்தக்குழம்பு ஞாபகம் வந்தது எனக்கு. இலைக்கு அடியில் ஒரே ஒரு முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு, கண்ணைப் பறிக்கும் என்று நாம் பயப்படுகிற அந்தப் பால் இலையைப் பலகாரம்போலத் தின்னும். தின்று தின்று கொழுத்து, ஒருநாள் இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிப் பச்சைக் கூடாகிவிடும். அந்தக் கூட்டின் மேலே தங்கப் பொட்டு. தங்கக் கலர் என்று சொல்லவில்லை, தங்கம் என்றே சொல்கிறேன். நகைக்கடை வெளிச்சத்தில்கூட அப்படி மின்னி நான் பார்த்ததில்லை.

ஒரு பூவில் ஒரு ஈ ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது. என்ன பொறுமை என்று கண்ணாடியை வைத்தேன். ஈயைப் பின்னாலிருந்து இரண்டு வெள்ளைக் கைகள் கட்டிப் பிடித்திருந்தன. பூவின் நிறத்திலேயே ஒரு சிலந்தி. நண்டுபோல முன்கால்களை விரித்து, மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. வலை இல்லை, வேஷம்தான். அதற்கு முன்னால் எத்தனை முறை அந்தப் பூவைப் பார்த்திருப்பேன்! எட்டுக் கால்களோடு அது என் மூக்குக்கு நேராக இருந்திருக்கிறது.

கிளைகளுக்கு நடுவே இன்னொரு சிலந்தி. அது ஒளிந்துகொள்ளவே இல்லை. வலையின் நடுவே வெள்ளை நூலில் பெரிய பெருக்கல் குறி போட்டு, அதன் மேலேயே கைகாலை நீட்டி இருந்தது. கணக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தேன்.

விருந்தாளிகள் இல்லை என்று நான் வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வாசல் அடைக்கவே இல்லை.

கடைசியாக வந்தவர்கள்தான் வில்லங்கத்தைக் கொண்டுவந்தார்கள். முதலில் மஞ்சளில் கறுப்பும் சிவப்பும் புள்ளி வைத்த பொடிப் பொடிக் குஞ்சுகளாக இலைகளில் கூட்டமாக அப்பிக்கொண்டிருந்தன. பெரிதாகப் பெரிதாக நிறம் மாறின. மயில்கழுத்து நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட வெட்டுக்கிளிகள். ஒவ்வொன்றும் என் விரல் நீளம். ஓடாது, அவசரப்படாது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த பெரிய மனிதர்போல இலையை ஓரத்திலிருந்து சாப்பிடும்.

ஒருமுறை ஒரு மைனா அதில் ஒன்றைக் கொத்தியது. உடனே துப்பியது. மதிலில் உட்கார்ந்து அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக்கொண்டது. எருக்கின் கசப்பு அதன் உடம்பில் ஏறியிருக்கும்போல. எழுந்து பறந்தது, மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு போட்டோவின் பயணம்

“எவ்ளோ அழகா இருக்கு, வந்து பாருங்க” என்று வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதுதான் வினையாகிவிட்டது.

அவர் செல்போனில் ஒரு படம் எடுத்தார். எடுத்ததோடு விடாமல், தன்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார். “எங்கள் வீட்டுப் பின்புறம் வெட்டுக்கிளி” என்று அடியில் எழுதினார். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் அது நேரம் கெட்ட நேரம். பாலைவனத்திலிருந்து கிளம்பிய வெட்டுக்கிளிக் கூட்டம் வட மாநிலங்களில் வயல்களை அழிக்கிறது என்று டிவியில் ராத்திரி பகலாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே ஒரு பயம். அதன் மேல் இன்னொன்று. படம் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. போகிற இடமெல்லாம் ஆளுக்கு ஒரு கை சேர்த்துக்கொண்டார்கள்.

அது ஏழுமலையின் போனுக்கு வந்து சேர்ந்தபோது, “திருவண்ணாமலையில் புகுந்தது பாலைவன வெட்டுக்கிளி! எருக்கஞ்செடியில் தங்கிப் பெருகும்! கண்டதும் எரிக்கவும்!” என்று ஆகியிருந்தது. கூடவே ஒருவர் பதறிப் பேசிய குரல் பதிவும் இருந்தது. ஏழுமலை உடனே சந்துக்கு ஓடி வந்து பார்த்திருக்கிறார். படத்தில் இருந்த அதே பூச்சி எதிரே எருக்கில் உட்கார்ந்திருக்கிறது. மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்று சாயங்காலம்தான் மண்ணெண்ணெய் கேனோடு வந்து நின்றார்.

வேலியில் போன ஓணான்

“அந்தப் படத்தக் காட்டுப்பா” என்றேன்.

காட்டினார். படத்தின் மூலையில் எங்கள் மதில். மதில்மேல் கைப்பிடி உடைந்த எங்கள் பச்சை வாளி. மேலே நிமிர்ந்து பார்த்தால் அதே வாளி அதே இடத்தில் இருந்தது.

“இது எங்க வாளி. படம் எடுத்தவரு உள்ள காப்பி குடிச்சிட்டு இருக்காரு.”

ஏழுமலை வாளியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். ஒரு நொடி சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை.

“படம் யாரு எடுத்தா இன்னாக்கா? பூச்சி நெசந்தான? கூட்டமா கீதுதான?”

என் வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்று, “நான் சும்மா நண்பருங்களுக்குத்தான் போட்டேன்” என்றார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

“ஏழுமலை, நான் வாரக்கணக்கா இத தினமும் பார்க்கறேன். குஞ்சா இருந்ததுலேர்ந்து பார்க்கறேன். உன் கொல்லை பத்தடி தள்ளித்தான இருக்கு? ஒண்ணுகூட சந்தைத் தாண்டல.”

“தாண்டலன்னு நீங்க சொல்றீங்க. தாண்டினா?”

தாண்டினால்? பூச்சியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் அறை வாடகைக்கு விடுகிறவள். என் பேச்சை நம்பி அவருடைய கொல்லை போய்விட்டால், இந்தச் சந்தில் எந்த முகத்தோடு நடப்பேன்? இத்தனை வருஷம் முதல் காய் பிடுங்கியதும் எங்கள் வீட்டுக்கு ஒரு முறம் மல்லாட்டை கொடுத்துவிட்டுத்தான் மண்டிக்குக் கொண்டுபோவார். அந்த மனிதர் முன்னால்தான் வழி மறித்து நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கம், எனக்குப் பின்னால் எருக்கு. தங்கப் பொட்டு வைத்த கூடு ஒன்று அன்றைக்கோ மறுநாளோ திறக்கிற நிலையில் இருந்தது.

அந்த நேரத்துக்கு அஞ்சலை வந்து சேர்ந்தாள், கையில் களைக்கொத்தோடு. ஏழுமலையின் மனைவி. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. துன்னுமா துன்னாதான்னு இங்க நின்னுகினு பேசினா தெரியுமா? நாலு பூச்சிய நம்ம மல்லாட்ட மேல வுட்டுப் பாரு. தெரிஞ்சிட்டுப் போவுது.”

ஏழுமலை அலறிவிட்டார். “வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கற கதையா கீதே! கொல்லிக்குள்ள நானே கொண்ணாந்து வுடணுமா?”

எனக்கு அலமாரியில் மடித்து வைத்த கொசுவலை ஞாபகம் வந்தது.

“வலைக்குள்ள விடலாம். வெளியே போகாது. ஒரு ராத்திரி. ஆக்கப் பொறுத்த, ஆறப் பொறுக்க மாட்டியா? காலைல உன் மல்லாட்டையில ஒரு இலை போயிருந்தாலும் நானே நெருப்பு வைக்கறேன்.”

சொல்லிவிட்டேன்.

ஏழுமலை கேனைக் கீழே வைத்தார். ஆனால் அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை. “மூலையில போடுங்க, வரப்போரமா” என்றார் கடைசியில்.

வெளிநாட்டு விருந்தாளிகள் படுத்துறங்கிய வலையை வேர்க்கடலைச் செடிகளுக்கு மேல் கட்டினோம். நாலு மூலைக்கும் குச்சி நட்டு, ஓரத்தில் மண் அள்ளிப் போட்டு அடைத்தோம். எருக்கில் ஒரு கிளையை, வெட்டுக்கிளிகள் உட்கார்ந்தபடியே ஒடித்து, தண்ணீர் ஊற்றிய குடத்தில் சொருகி உள்ளே வைத்தோம். ஒன்றை அஞ்சலை கையால் பிடிக்கப் போக, அது அவள் புடவையில் பீய்ச்சி அடித்தது. “அடச் சீ, மூத்திரம் பேயுது!” என்று உதறினாள். அந்த நாட்களில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

விடிந்தபோது

அன்று நான் தூங்கவில்லை என்று தனியாக எழுத வேண்டியதில்லை. வெளிச்சம் வந்ததும் சந்துக்குப் போனேன். ஏழுமலை எனக்கு முன்னாலேயே வந்து வரப்பில் குந்தியிருந்தார். மண்ணெண்ணெய் கேன் பக்கத்திலேயே இருந்தது. மலைக்கு மேலே வெயில் இன்னும் படவில்லை.

“நீங்க வந்தப்புறம் தொறக்கலாம்னு ஒக்காந்துகினு கீறேன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அஞ்சலை ஒரு பக்கம் வலையைத் தூக்கிப் பிடித்தாள். நானும் அவரும் தலையை உள்ளே விட்டோம்.

குடத்தில் இருந்த எருக்கங்கிளையில் காம்பும் நடு நரம்பும்தான் மிச்சம். இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதைச் சுற்றிலும் வேர்க்கடலைச் செடிகள் பனி கோத்துக்கொண்டு, இலை மூடி, அப்போதுதான் தூங்கி எழுவதுபோல நின்றன. அங்கங்கே மஞ்சள் பூ விரிந்திருந்தது. ஏழுமலை ஒவ்வொரு செடியாகக் கையால் தடவிப் பார்த்தார்.

ஒரு செடியில் அவர் கை நின்றது. “இது இன்னாக்கா?”

ஓர் இலையின் ஓரம் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது.

சொன்ன சொல் முன்னால் வந்து நின்றது. நெருப்பு நான்தான் வைக்க வேண்டும். ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. அந்த இலையை மெல்லத் திருப்பினார். அடியில் ஒரு பொடிப் பச்சைப் புழு நரம்போடு நரம்பாகப் படுத்திருந்தது. வாயில் இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஏழுமலை அதை நகத்தால் சுண்டிவிட்டார். “இது நம்ம பழைய ஆளு. எங்க அப்பன் காலத்துலேர்ந்து துன்னுது.”

ஆனாலும் அவர் விவசாயி. சுலபமாக விடமாட்டார். “எருக்கு இருந்துச்சு, துன்னுச்சு. எருக்கு இல்லன்னா?”

வலையைப் பிடித்தபடியே அஞ்சலை சொன்னாள்: “அத்தத்தான் நானும் நெனைக்கிறேன். நீ எருக்க கொளுத்திட்டா அதுங்க பசிக்கு எங்க போவும்? எதிர்ல நம்ம கொல்லிதான் கீது.”

ஏழுமலை மண்ணெண்ணெய் கேனின் மூடியை, அது ஏற்கெனவே இறுக்கமாக இருந்தும், இன்னும் ஒரு திருகு திருகி மூடினார்.

“அந்தக் கண்ணாடியக் குடுங்கக்கா.”

குடத்துக் கிளையில் காலை வெயிலுக்குக் காத்திருந்த ஒரு வெட்டுக்கிளியிடம் குனிந்தார். கண்ணாடியைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். நான் பூவில் பார்த்துப் பிரமித்ததை அவர் அந்த முகத்தில் பார்க்கிறார் என்று தெரிந்தது. முகத்தில் கட்டியிருந்த துண்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“குதிர மூஞ்சிக்கா” என்றார். “அய்யனார் கோயில் குதிர. நீலத்துல மஞ்சப் பட்டை அடிச்சு… இன்னா வேல பண்ணிக்கீறான் பாருங்க. மல்லாட்ட போட்டு இத்தினி வருசமா இந்தச் சந்துலதான் போறேன், வரேன்.”

இரண்டு பேரும் ஒரு பூச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் குந்தியிருந்தோம். எருக்குப் பக்கமிருந்து கருவண்டின் உறுமல் வர ஆரம்பித்தது.

வலையை முழுதும் எடுத்தோம். வெயில் வந்ததும் வெட்டுக்கிளிகள் மெல்ல அசைந்தன. எனக்கு மறுபடி பயம். கொல்லைக்குள் போய்விட்டால்? ஒன்று இறங்கியது. வேர்க்கடலை இலைமேல் ஒரு நொடி நின்றது. பிறகு வரப்பில் தத்தி, சந்தில் இறங்கி, எருக்குப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் இன்னொன்று. வழி தெரியாமல் நின்ற ஒன்றிரண்டை அஞ்சலை மொட்டைக் கிளையோடு தூக்கிக்கொண்டு போய் எருக்கின்மேல் சாய்த்தாள். இந்த முறை கையால் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. நல்ல பெரியது. ஏழுமலை சந்தின் நடுவே, முந்தின நாள் கேனோடு நின்ற அதே இடத்தில் நின்றிருந்தார். அது நேராக வந்து அவருடைய வெறுங்கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மீசையைத் துடைப்பதுபோல முன்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. போகிற அவசரம் அதற்கு இல்லை.

நான் தட்டிவிடக் குனிந்தேன். ஏழுமலை கையைக் காட்டித் தடுத்தார்.

“போ சாமி” என்றார் அதனிடம். “ஊட்டுக்குப் போ. வெளிய சுத்தாத. போலீசு புடிச்சுக்கும்.”

அது இறங்கிப் போகிறவரை அவர் காலை எடுக்கவில்லை.